ஜிப் போன ஊரில் டை செய்தவர்கள்

பேண்ட் ஜிப்பின் ஒரு பித்தளைப் பல்லை உற்றுப் பாருங்கள். தலையில் ஒரு பக்கம் சின்ன மேடு, மறுபக்கம் அதற்கேற்ற குழி. எதிர்வரிசைப் பல்லின் மேடு இந்தக் குழிக்குள் உட்கார வேண்டும். நூற்றுக்கும் மேற்பட்ட பற்களில் ஒன்றே ஒன்று இடம் தவறி உட்கார்ந்திருந்தாலும், ரன்னர் அங்கே வந்ததும் முக்கும். இழுத்தால் துணி கிழியும்.

ஸ்வீடனில் பிறந்த கிடியோன் சண்ட்பேக் 1913இல் இந்த அமைப்புக்கு வடிவம் கொடுத்தார். பல்லைவிட அதைச் செய்யும் இயந்திரம்தான் பெரிய தலைவலி. கவட்டை வடிவத்தில் இழுத்த கம்பியை உள்ளே விட்டு, துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் தலையிலும் பஞ்ச் என்ற எஃகு முனையால் மேடும் குழியும் அடித்து, கவட்டையின் இரண்டு காலையும் துணி நாடாவின் ஓரத்தில் நெரித்துப் பிடிக்க வைத்தார். வெட்டுக்கழிவு என்று எதுவும் விழாது. இந்த வேலை நடந்த ஊர் அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து மீட்வில். கம்பெனியின் பெயர் 1937 முதல் டாலன்.

டாலனிடம் இருந்த உண்மையான சொத்து ஜிப் அல்ல, டூல் ரூம், அதாவது இயந்திரங்களுக்கான கருவிகளைச் செய்யும் பட்டறை. இவ்வளவு சின்ன பஞ்சையும், அது வந்து இறங்கும் எஃகு அச்சான டையையும் வெளியே சொல்லிச் செய்து வாங்க முடியாது. முனை மழுங்கினால் அன்றைக்கே சாணை பிடித்து மாட்டியாக வேண்டும். அதனால் அந்த ஊரில் தலைமுறை தலைமுறையாக டை மேக்கர்கள் உருவானார்கள்.

ஜப்பானின் ஜிப் கம்பெனி ஒய்கேகே 1950இல் அமெரிக்காவிலிருந்து ஜிப் இயந்திரங்களை வரவழைத்தது. பிறகு தன் இயந்திரங்களைத் தானே செய்யத் தொடங்கியது. 1974இல் அமெரிக்காவிலேயே, ஜார்ஜியா மாநிலத்து மேக்கனில், ஆலை திறந்தது. உலகம் முழுக்க ஆலை போட்டாலும் இயந்திரம் கட்டுகிற வேலையை மட்டும் தோயாமா மாகாணத்துக் குரோபே ஊரிலேயே வைத்துக்கொண்டது. எதை ஊர் ஊராக அனுப்பலாம், எதைக் கையைவிட்டு விடக்கூடாது என்று தெரிந்த கம்பெனி. டாலன் தேய்ந்தது. 1990களில் மீட்வில்லில் ஜிப் இல்லை.

ஆனால் வேலை போன டை மேக்கர்கள் சும்மா இருக்கவில்லை. கார் ஷெட்டில் ஒரு சர்ஃபேஸ் கிரைண்டர், ஒரு மில்லிங் மெஷின் என்று போட்டுத் தனித்தனிப் பட்டறை வைத்தார்கள். ஊருக்கு ‘டூல் சிட்டி’ என்று பெயரே வந்தது. பொருள் போய்விட்டது, கைவேலை நின்றது. இரண்டாவது அடி விழுந்தது 2001 டிசம்பரில் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்த பிறகு. இந்த முறை போனது கைவேலையே.

எப்படிப் போனது என்பதைப் புரிந்துகொள்ள, டை மேக்கர் என்ன கற்றுக்கொள்கிறார் என்று தெரிய வேண்டும். ஒரு மி.மீ. மைல்ட் ஸ்டீல் தகட்டில் 10 மி.மீ. துளை வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பஞ்சுக்கும் டைக்கும் நடுவே பக்கத்துக்கு 0.06 மி.மீ. கிளியரன்ஸ், அதாவது இடைவெளி. துளைதான் வேலை என்றால் பஞ்ச் 10.00, டை 10.12. வெட்டி விழும் வட்டத் துண்டுதான் வேலை என்றால் தலைகீழ்: டை 10.00, பஞ்ச் 9.88. கிளியரன்ஸை எந்தப் பக்கம் கொடுப்பது என்பதில் தவறாத புதுப்பையன் கிடையாது. தவறினால் பத்து நாள் வேலை குப்பைக்குப் போகும்.

வெட்டின துண்டின் விளிம்பே மீதியைச் சொல்லிவிடும். பருமனில் மூன்றில் ஒரு பங்கு பளபளப்பு, மீதி சாம்பல் நிறச் சொரசொரப்பு என்றால் சரி. பளபளப்பு இரண்டு பட்டையாகத் தெரிந்தால் கிளியரன்ஸ் குறைவு, பஞ்ச் சீக்கிரம் தேயும். சுற்றிலும் பிசிறு என்றால் கிளியரன்ஸ் அதிகம் அல்லது முனை மழுங்கியிருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் பிசிறு என்றால் பஞ்ச் நடுவில் இறங்கவில்லை. இதையெல்லாம் தாளில் ஒரு மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். கழிவுத்துண்டு பஞ்சோடு ஒட்டிக்கொண்டு மேலே ஏறி வந்து, அடுத்த அடியில் தகட்டுக்கு மேல் மாட்டி, பஞ்சை ஒடிக்கும் கதையை மட்டும் பிரஸ் பக்கத்தில் நின்றுதான் கற்க முடியும். பஞ்சுக்குள் ஸ்பிரிங் பின் வைக்கலாம், டையின் உள்சுவரை லேசாகச் சொரசொரப்பாக்கலாம், கிளியரன்ஸைக் கொஞ்சம் இறுக்கலாம். எந்த வேலைக்கு எது என்பது பஞ்ச் இறங்கும் சத்தத்திலேயே தெரிகிற ஆட்கள் உண்டு.

ஹீட் ட்ரீட்மென்ட் இன்னொரு கண்டம். டை செய்யும் டி2 ரக எஃகை 1,000 டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேலே சூடாக்கி, காற்றில் ஆறவிட்டு, இரண்டு முறை டெம்பர் செய்தால், அதாவது குறைந்த சூட்டில் மறுபடி வைத்தெடுத்தால், ராக்வெல் சி என்ற கடின அளவுகோலில் 60ஐ ஒட்டிய கடினம் கிடைக்கும். கூடவே 100 மி.மீ. கட்டை 0.05 மி.மீ. நீளவும் செய்யும். கிளியரன்ஸே 0.06 என்பதை மறந்துவிடக்கூடாது. அதனால் முன்கூட்டியே முகத்துக்கு 0.2, 0.3 மி.மீ. மிச்சம் வைத்துக் கடைந்து, பதம் போட்ட பிறகு சாணையில் எடுக்க வேண்டும். குறைவாக விட்டால் சூட்டில் படிந்த கறுப்பு போகாது. கூடுதலாக விட்டால் சாணைக்கல் சூட்டில் மேற்பரப்பு வெந்து, கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். ஐயாயிரமாவது அடியில் ஒரு மூலை தெறிக்கும்.

அமெரிக்காவில் இதற்கு அப்ரண்டிஸ் காலம் பொதுவாக 4 ஆண்டு: 8,000 மணி நேரம் பட்டறையில், ஆண்டுக்கு 144 மணி நேரம் வகுப்பில். முதல் ஆண்டு கட்டை அறுப்பது, ஆறு முகமும் மட்டம் பிடிப்பது, துளை போட்டு மரை எடுப்பது. இரண்டாம் ஆண்டு பஞ்ச், பின். பிறகு அசெம்பிளி. கடைசியில்தான் ட்ரை-அவுட், அதாவது டையைப் பிரஸ்ஸில் ஏற்றி, முதல் துண்டு எடுத்து, குறை கண்டுபிடித்துத் திருத்துவது.

வெளிநாட்டுக்கு முதலில் போனது முதல் ஆண்டு வேலை. ஒற்றைத் துளை டை, சாதாரண வளைவு டை, சின்ன பிளாஸ்டிக் மோல்டு எல்லாம் முதலில் தைவானுக்கும் பிறகு சீனாவின் டோங்குவானுக்கும் போயின. முதலாளிகளில் பலர் அப்போது கவலைப்படவே இல்லை. சில்லறை வேலைதானே, போகட்டும். தகடு நகர நகரப் படிப்படியாக வேலையை முடிக்கும், பல ஸ்டேஷன் உள்ள புரோகிரசிவ் டை நம்மிடம் இருக்கும் என்றார்கள். கணக்குப்படி சரி. ஆனால் அந்தச் சில்லறை வேலையில்தான் பையன்கள் கெடுத்துக் கெடுத்துக் கற்றார்கள். 300 டாலர் கட்டையைக் கெடுத்தால் திட்டிவிட்டு அடுத்த கட்டை கொடுக்கலாம். 80,000 டாலர் டையில் யாரைப் பழக விடுவது? ஏணியின் மேல்படிகள் இருந்தன, கீழ்ப்படிகளைக் காணோம்.

எல்லாப் பழியையும் சீனாவின் மேல் போடுவது நியாயமில்லை. மின்பொறியால் எஃகை அறுக்கும் ஒயர்-கட் மெஷின் வந்த பிறகு, மூன்று பேர் அரம் பிடித்துத் தேய்த்த வேலையை ராத்திரியில் ஆளில்லாமல் ஓடும் மெஷின் முடித்தது. அமெரிக்கத் தொழிற்சாலை வேலைகள் 1979இல் சுமார் 1.95 கோடி, 2000 தொடக்கத்தில் 1.73 கோடி. இருபது ஆண்டு சரிவு அவ்வளவுதான். 2010 தொடக்கத்தில் 1.15 கோடி! அந்தப் பத்தாண்டின் வேகத்தை ஆட்டோமேஷன் என்று மட்டும் சொல்லி நழுவ முடியாது.

கூலி குறைவு என்பதும் முழுக் காரணம் அல்ல. டோங்குவான், ஷென்ஜென் பக்கத்தில் எஃகு வியாபாரி, ஹீட் ட்ரீட்மென்ட் கடை, எலக்ட்ரோடு செய்பவர், பாலிஷ் போடுபவர் எல்லாரும் கூப்பிடு தூரத்தில். மோல்டு இரண்டு ஷிப்டில் நகரும். ஆப்பிளின் டிம் குக் 2017இல் சொன்னதும் இதைத்தான்: அமெரிக்காவில் டூலிங் பொறியாளர்களைக் கூட்டினால் ஓர் அறை நிறையுமா என்பதே சந்தேகம், சீனாவில் பல கால்பந்து மைதானங்கள் நிறையும். சொன்னவர் எந்தப் பக்கம் லாபம் பார்த்தவர் என்பதையும் சேர்த்தே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பணம் கொடுக்கும் முறையும் சின்னப் பட்டறைகளை நெரித்தது. பழைய வழக்கம், ஆர்டரோடு மூன்றில் ஒரு பங்கு, முதல் சாம்பிளுக்கு ஒரு பங்கு, ஒப்புதலுக்கு ஒரு பங்கு. பிறகு கார் கம்பெனிகளும் அவற்றின் சப்ளையர்களும் உற்பத்தி ஒப்புதல் கிடைத்த பிறகே மொத்தமும் என்றார்கள். எஃகு, கூலி, கரண்ட் எல்லாம் மாதக்கணக்கில் பட்டறைக்காரர் தலையில்.

மிஞ்சிய வேலை பெரும்பாலும் ரிப்பேர். கடல் தாண்டி வந்த மோல்டைத் திறந்தால் வழக்கமாக முதலில் மாட்டுவது தண்ணீர் இணைப்பு. அங்கே போடும் மரை பிஎஸ்பி என்ற பிரிட்டிஷ் குழாய் மரை, 55 டிகிரி. அமெரிக்க ஃபிட்டிங் என்பிடி என்ற அமெரிக்கக் குழாய் மரை, 60 டிகிரி. சில அளவுகளில் முதல் சில சுற்று ஏறும், ஏறுவதாலேயே ஏமாற்றும். தண்ணீர் சூடானதும் ஒழுகும். வார்த்த பிளாஸ்டிக்கை வெளியே தள்ளும் எஜெக்டர் பின் மில்லிமீட்டரில் இருக்கும், ஸ்டோரில் இருப்பதோ அங்குலத்தில். எஃகின் மேல் அரத்தை வைத்துப் பார்த்தால், கடிக்கக்கூடாத இடத்தில் கடிக்கும்; பதம் போதவில்லை என்று பொருள். பிறகு நீல மை தடவி, இரண்டு பாதியையும் மூடித் திறந்து, மை ஒட்டாத இடமெல்லாம் பிளாஸ்டிக் பிதுங்கும் இடம் என்று குறித்து, வெல்டிங் ஏற்றி, மறுபடி சாணை. புதிதாகச் செய்வதைவிட இதற்குக் கூடுதல் கை வேண்டும். வேறொருவர் செய்த தப்பை, அவர் என்ன நினைத்துச் செய்தார் என்று தெரியாமல் சரிசெய்ய வேண்டும். அந்த வேலைக்குத்தான் இப்போது ஆள் தேடுகிறார்கள். தேடுகிறவர்கள் கேட்பது பத்தாண்டு அனுபவம்.

ஒஹையோவின் டேடனில் 1906 முதல் கெர்ஸ்ட்னர் கம்பெனி செய்துவரும் ஓக் மரக் கருவிப்பெட்டி பழைய டை மேக்கர்களின் பெருமை. உள்ளே பச்சைத் துணி விரித்த இழுப்பறைகள். இப்போது அவை ஏலத்துக்கு வருகின்றன. ஸ்டாரெட் மைக்ரோமீட்டருக்கு உடனே ஆள் கிடைக்கும். கீழ் இழுப்பறையில் எண்ணெய்த்தாளில் சுற்றிக் கிடக்கும், பெட்டிக்குச் சொந்தக்காரரே சாணை பிடித்துச் செய்த கேஜ்கள், ஆரம் பார்க்கும் தகடுகள், மெழுகு பென்சிலால் எண் எழுதிய பின்கள். எந்த டைக்கு எந்த எண் என்ற குறிப்பு பெட்டியில் இருக்காது. அவற்றை எடைக்குப் போடுகிறார்கள்.