மழைக்குள் ஒரு வெசாக் கூடும் பத்து முதலைப் பணிசும்

2024 மே 21, செவ்வாய்

பௌத்தர்களின் பெருநாளான வெசாக்குக்கு இன்னும் இரண்டு நாள். கொழும்பு பேர வாவிப் பக்கம் வெசாக் கூடு, அந்தத் தாள் விளக்குகள், பார்க்கக் கூட்டிப் போவதாகப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருந்தேன். காற்றைப் பார்த்தால் அது நடக்காது போலிருந்தது. எங்கள் வீடு வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் ஓர் ஒழுங்கையில், மூன்றாம் மாடி. தென்மேற்குக் காற்று கிளம்பினால் முதலில் எங்கள் யன்னலில்தான் வந்து மோதும். பல்கனியில் காயப்போட்ட துவாய் மூன்று நாளாகக் காயவில்லை. சின்னவனுக்கு ஆறு வயது. வீட்டுக்குள் அடைபட்டால் சுவரில் ஏறுவான். மூத்தவளுக்கு ஒன்பது. அவள் கதைக்காமல் மூலையில் இருந்துவிடுவாள். எனக்கு அதுதான் கூடுதல் கவலை.

கீழ்மாடி அங்கிளிடம் போய்க் கேட்டேன். ஒவ்வொரு வருடமும் அவர் கையால் கூடு கட்டுவார். "கூட்டிக்கொண்டு வாங்கோ மகள், சாமான் எல்லாம் இருக்கு" என்று ஒரு கட்டு மூங்கில் சிலாகையை எடுத்துத் தந்தார்.

மே 22, புதன்

அங்கிள் காட்டித் தந்தது அட்டபட்டம, கொழும்பில் வீட்டுக்கு வீடு தொங்கும் அந்தப் பழைய வடிவம். பார்க்கச் சிக்கலாக இருந்தாலும் கணக்கு எளிது. ஒரே நீளமான சிலாகை 24 எடுத்து, நாலு நாலாகக் கட்டினால் ஆறு சதுரம். அந்தச் சதுரங்களை மூலைக்கு மூலை சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்தால் நடுவில் எட்டு முக்கோணம் தானாகவே விழுகிறது. சிங்களப் பெயரில் இருக்கும் 'அட்ட' என்றால் எட்டு, அந்த எட்டு இந்த முக்கோணங்கள்தான் என்றார் அங்கிள். கடைசி மூலையைச் சேர்த்து அவர் தூக்கிப் பிடித்ததும் மூத்தவள் எழுந்து கிட்ட வந்து, முக்கோணங்களை விரலால் தொட்டு எண்ணினாள். அதன்பிறகு அவளை மூலையில் காணவில்லை.

எங்கள் முதல் சட்டகம் ஒரு பக்கம் சரிந்து நின்றது. அடிக்கோலால் அளந்தபோது இரண்டு சிலாகை அரை அங்குலம் கட்டையாக இருந்தன. அரை அங்குலத்துக்கு இந்த வடிவம் இடம் கொடுக்காது. அவிழ்த்து, ஒரு சிலாகையை அளவுக்கோலாக வைத்து மற்ற எல்லாவற்றையும் அதோடு சேர்த்துப் பிடித்து வெட்டினோம். அடிக்கோலை விட இது சரியாக வருகிறது. சிறுபிள்ளைகளும் செய்யலாம்.

பசை வீட்டிலேயே காய்ச்சினேன். ஒரு கோப்பைத் தண்ணிக்கு இரண்டு மேசைக்கரண்டி கோதுமை மா. பச்சைத் தண்ணியிலேயே கட்டியில்லாமல் கரைத்துவிட்டுத்தான் அடுப்பில் வைக்கவேண்டும். இளஞ்சூட்டில் துழாவிக்கொண்டே இருந்தால் வெள்ளை நிறம் போய்க் கண்ணாடி போலாகும். அதுதான் பதம். பழைய ஆட்கள் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் போடுவார்கள். அது நஞ்சு, பிள்ளைகள் கை வைக்கிற பசைக்குள் வேண்டாம். ஒரு தேக்கரண்டி வினாகிரி விட்டேன். பூஞ்சணம் பிடிக்காமலிருக்கத்தான்.

முதலில் பசையைத் தாளில் பூசினோம். சிவப்பு டிசு பேப்பர் நனைந்து சாயம் இறங்கி, சின்னவனின் கையும் மேசையும் இளஞ்சிவப்பு. பிறகு சிலாகையில் மட்டும் மெல்லியதாகப் பூசி, காய்ந்த தாளை அதன்மேல் வைத்து அழுத்தினோம். சதுரங்களுக்கு வெள்ளை, முக்கோணங்களுக்குச் சிவப்பு.

வெயில் காலத்தில் ஒரு மணித்தியாலத்தில் காயும் பசை இந்த ஈரக்காற்றில் இரவாகியும் காயவில்லை. 

மே 23, வியாழன், வெசாக்

விடிந்து பார்த்தால் பசை காய்ந்திருந்தது, வெள்ளைத் தாள் எல்லாம் தொய்ந்து கிடந்தது. தொய்வுக்கு அங்கிளிடம் மருந்து இருந்தது. தண்ணியை வாயகன்ற போத்தலில் எடுத்து, பிரஷ்ஷை நனைத்து உதறி, தூவானம் போலத் தாளின்மேல் விழுத்தினார். பிறகு மின்விசிறிக்குக் கீழே வைத்தார். தாள் முதலில் இன்னும் தொய்ந்தது. அரை மணித்தியாலத்தில் காயக் காய இழுபட்டு, மேளத்தோல் போல விறைத்துவிட்டது. பட்டம் கட்டுகிற யாழ்ப்பாணத்துப் பெடியள் இதைப் பார்த்தால் சந்தோசப்படுவார்கள். சாயம் இறங்கும் என்பதால் சிவப்புத் தாளுக்கு மட்டும் தண்ணி காட்டவில்லை.

மெழுகுதிரி வைக்கவில்லை. சின்ன எல்.ஈ.டி. குமிழ் ஒன்று போட்டு, பல்கனிக் கதவுக்கு உள்ளே தொங்கவிட்டோம். வெளியே மழை, உள்ளே கூடு. மூத்தவள் இரவு பத்து மணிவரை அதற்குக் கீழேயே பாய் விரித்துப் படுத்திருந்தாள்.

மே 25, சனி

பின்னேரம் மெட்டுப் போட்டுக்கொண்டு பாண், பணிஸ் விற்க வருகிற ஓட்டோ மழைக்கு வரவில்லை. அதன் மெட்டுக்குக் காத்திருந்த சின்னவனுக்கு அழுகை. அவனுக்கு வேண்டியது கிம்புலா பணிஸ், மேலே சீனி தூவிய அந்த முதலை வடிவப் பணிஸ் (பன்). வீட்டில் செய்யலாம் என்று தொடங்கினோம்.

500 கிராம் கோதுமை மா, 60 கிராம் சீனி, இரண்டு தேக்கரண்டி ஈஸ்ட், ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு முட்டை, 50 கிராம் பட்டர், 230 மில்லிலீட்டர் இளஞ்சூட்டுப் பால். மழை நாளில் பாலை முழுவதும் ஊற்றிவிடக் கூடாது என்று இன்று கற்றுக்கொண்டேன். திறந்திருந்த பக்கற்றில் மா ஏற்கெனவே ஈரம் குடித்திருக்கிறது. 230ஐயும் ஊற்றியதில் கையில் ஒட்டுகிற களியாகி, திரும்ப மா போட்டுக் குழைத்துச் சரிக்கட்டினேன்.

பொங்குவதற்கு இந்த ஊர்க் காற்றை அடிக்க ஆளில்லை. குளிர்நாட்டில் இருக்கும் மச்சாள் மாவை ஹீற்றருக்குப் பக்கத்தில் வைத்துக் காத்திருப்பாளாம். எங்கள் குசினியில் மழை பெய்தாலும் 27, 28 பாகை. ஈரத்துணி போட்டு மூடிவிட்டேன். 50 நிமிடத்தில் இரண்டு மடங்கு. மேல்தோல் கொஞ்சமும் காயவில்லை.

பிள்ளைகளுக்கு இதில் பிடித்த இடம் முதலை செய்வது. மாவைப் பத்து உருண்டையாக்கி, ஒவ்வொன்றையும் ஒரு சாண் நீள முக்கோணமாகத் தட்டவேண்டும். அகன்ற பக்கத்திலிருந்து கூர்ப்பக்கத்துக்குச் சுருட்டினால் முதுகில் படிப்படியாக வரி விழும். இரண்டு முனையையும் விரலால் உருட்டிக் கூராக்கினால் ஒன்று மூஞ்சி, மற்றது வால். சின்னவன் தன் முதலைக்குக் கராம்பால் கண் வைத்தான்.

முட்டை பூசி, மேலே சீனி தூவி, இரண்டாம் தரம் பொங்க வைத்தேன். அங்கேதான் பிழை. அரை மணித்தியாலத்தில் சீனி எல்லாம் உருகிப் பாகாய் வழிந்து தட்டில் தேங்கிவிட்டது. 190 பாகையில் 17 நிமிடம் வைத்தபோது பணிஸ் மெத்தென்று வந்தது. அடி மட்டும் பாகு கருகித் தட்டோடு ஒட்டிக்கொண்டது. சீனிமணி பல்லில் நெறுநெறுக்காமல் அது கிம்புலா இல்லை என்று சின்னவன் சொன்னான். சரியான கதைதான்.

மே 26, ஞாயிறு

திரும்பவும் செய்தேன். இந்த முறை பால் 215 மில்லிலீட்டர். குழைத்த மா கையை விட்டு வடிவாகக் கழன்றது. சீனியை அவணுக்குள் தள்ளுவதற்குச் சற்று முன்தான் தூவுவது என்று ஆயத்தமாக நின்றேன். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது.

பத்து முதலையும் பொங்கி முடிந்து தட்டில் படுத்திருக்கின்றன. எனக்கு நெஞ்சு பதறியது. அம்மா கதிரையை விட்டு எழும்பாமலே சொன்னா: "ஏன் பிள்ளை பதறுறாய்? சட்டி இருக்கு, காஸ் இருக்கு. எங்கட வீட்டில அவணே இருந்தது?"

அம்மாவின் சின்ன வயதில் யாழ்ப்பாணத்து வீட்டில் கேக் அடிப்பது இப்படித்தான். கனமான சட்டிக்குள் மணல் பரப்பி, அதன்மேல் கேக் தட்டை வைத்து மூடி, மூடிக்கு மேலே சிரட்டைத் தணலைக் கொட்டுவார்கள். கீழேயும் நெருப்பு, மேலேயும் நெருப்பு. பாண் சுடுகிற போறணை அயலில் இருந்தாலும் வருசத்துக் கேக் வீட்டுச் சட்டியில்தானாம்.

மாடிவீட்டில் மணலுக்கு எங்கே போவது? ஒரு கிலோ கல்லுப்பைத் தடித்த அலுமினியச் சட்டியில் பரப்பி, மேலே கம்பி வளையம் வைத்து, மூடி 15 நிமிடம் சூடாக்கினேன். நாலு முதலைதான் ஒரு முறைக்குப் பிடித்தது. மற்ற ஆறும் அளவுக்கு மிஞ்சிப் பொங்கிவிடாமல், கரண்ட் இல்லாவிட்டாலும் குளிர் விடாத ஃப்ரிஜ்ஜுக்குள் போயின. அடக்கமான நெருப்பில் 25 நிமிடம். மூடியில் நீர்த்துளி சேர்ந்து பணிசின்மேல் சொட்டாமலிருக்க, மூடியைத் துணியால் சுற்றிக் கட்டச் சொன்னா அம்மா. துணியின் முனைகளை நெருப்புப் படாமல் மேலே தூக்கி முடிந்துவிட வேண்டும்.

அடி பொன்னிறம், மேல் வெளிறல். மேல் நெருப்பு இல்லாததன் குறை அது. சீனி மட்டும் மணிமணியாக அப்படியே நின்றது. மெழுகுதிரி வெளிச்சத்தில் சுடச்சுடத் தேநீரோடு சாப்பிட்டோம். அம்மா தன் பங்கில் வாலைக் கிள்ளிச் சின்னவனுக்குக் கொடுத்தா. கரண்ட் வந்த பிறகு அவணில் வேக வைத்த ஆறும் பார்வைக்குக் கடைப் பணிஸ் போலவே இருந்தன. ஆனால் பிள்ளைகள் கேட்பது சட்டிப் பணிஸ்தான்.

மே 30, வியாழன்

விசுக்கோத்து. மா மூன்று பங்கு, பட்டர் இரண்டு, சீனி ஒன்று, நிறைக் கணக்கில். சுட்ட அன்று நொறுங்கியது, அடுத்த நாள் மதியம் நமத்துப்போனது. 150 பாகையில் ஆறு நிமிடம் திரும்ப வைத்து, முழுதாக ஆறவிட்டு, ரின்னில் போட்டு இறுக்கினால் சரியாகிறது. ஆறாமல் மூடினால் அதன் ஆவியே அதை நமக்கவைக்கும்.

யூன் 1, சனி

உப்பு மாவில் பொம்மை. இரண்டு கோப்பை மா, ஒரு கோப்பை உப்பு, ஒரு கோப்பைத் தண்ணி. சாப்பிடுகிற சாமான் அல்ல என்று சின்னவனுக்கு இரண்டு தரம் சொல்லவேண்டியிருந்தது. ஆமை, மீன், பிள்ளையார், ஒரு ரயில். 100 பாகையில் இரண்டரை மணித்தியாலம். கல்லுப் போலக் காய்ந்தன. நீர்வர்ணம் பூசி அலுமாரிக்கு மேலே வரிசையாக வைத்தாள் மூத்தவள்.

யூன் 3, திங்கள்

நேற்று முழுநாளும் கொட்டிய மழைக்கு இன்று பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டார்கள். காலையில் மூத்தவளின் குரல்: "அம்மா, பிள்ளையாருக்கு வேர்க்குது!"

போய்ப் பார்த்தேன். பொம்மைகள் எல்லாவற்றிலும் முத்து முத்தாக நீர். பிள்ளையாரின் மஞ்சள் வயிற்றில் வடிந்து, ரயிலின் நீலத்தோடு சேர்ந்து அலுமாரியில் பச்சைக் கோடாக ஓடியிருந்தது. ஆமையின் ஓட்டை அழுத்தினால் விரல் பதிந்தது. உப்பின் குணம் இது. காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். மழைக்காலக் கொழும்பில் 80 வீதத்துக்கு மேல் இருப்பது வழமை. அதுவும் கடல் பார்த்த வீடு. வெயிலும் வரட்சியும் உள்ள நாடுகளில் நன்றாக நிற்கிற பொருள் எங்கள் யன்னலடியில் எப்படி நிற்கும்? வார்னிஷ் பூசினால் நிற்கலாம். அதுவும் சுட்ட அன்றே, ஈரம் ஏறும் முன்னம் பூசவேண்டும்.

அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உடனேயே மற்ற முறையைத் தொடங்கினேன். இதில் உப்பே இல்லை. இரண்டு கோப்பை அப்பச்சோடா, ஒரு கோப்பை கோன் ஃப்ளவர், ஒன்றேகால் கோப்பைத் தண்ணி. அடுப்பில் துழாவினால் முதலில் பால், பிறகு கூழ், பிறகு மசித்த கிழங்கு. மசித்த கிழங்குப் பதத்தில் இறக்கி, ஈரத்துணியால் மூடி ஆறவிட்டுப் பிசைந்தால் வெண்ணெய் போன்ற களி. கால் அங்குலத்துக்கு மேல் தடிப்பு வேண்டாம், வெடிக்கும். மின்விசிறிக்குக் கீழே மூன்று நாள், நாளுக்கு ஒரு தரம் திருப்பிவிட்டு. 

பின்னேரம் அழைப்பு வந்தது. எங்கள் வீட்டு வேலைக்கு வருகிற அக்கா கடுவெலப் பக்கம். களனி கங்கை ஏறி வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணியாம், உறவினர் வீட்டு மேல்மாடியில் எல்லாரும் ஒன்றாக இருக்கிறார்கள். "சாப்பாட்டுக்கு என்ன அக்கா செய்யிறீங்கள்?" என்று கேட்டேன். சோறு வருகிறது, பிள்ளைகளுக்குத் தேநீரோடு கடிக்க ஒன்றும் இல்லை என்றா.

பணிஸ் அனுப்பினால் இந்த ஈரத்தில் இரண்டு நாளில் பூஞ்சணம் பிடிக்கும். றஸ்க் என்றால் நிற்கும். அதே மாவை முதலை ஆக்காமல் நீள உருளையாகச் சுட்டேன், இரண்டு தரம், மொத்தம் ஒரு கிலோ மா. ஆறிய பிறகு விரல் தடிப்பில் வெட்டி, 120 பாகையில் ஒரு மணித்தியாலம், பாதியில் திருப்பிப் போட்டு, பிறகு அவண் கதவைச் சற்றே திறந்து அதற்குள்ளேயே ஆறவிட்டேன். உடைத்துப் பார்த்தால் நடுவிலும் 'டக்' என்று முறியவேண்டும். முறியாததைத் திரும்ப உள்ளே வைத்தேன். இரவு பதினொரு மணிக்கு அம்மாவும் நானும் ஆறு பைகளில் கட்டி, மெழுகுதிரி நெருப்பில் வாயை ஒட்டினோம். மூத்தவள் ஒவ்வொரு பைக்குள்ளும் மிச்ச டிசு பேப்பரில் மடித்த ஒரு பூவை வைத்தாள்.

யூன் 8, சனி

தண்ணி வடிந்து அக்கா வீட்டுக்குத் திரும்பிவிட்டா. றஸ்க் கடைசிவரை நமக்கவில்லையாம். பூக்களை அவவின் சின்ன மகள் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறாளாம். எங்கள் சுண்ணாம்பு வெள்ளைப் புதுப் பிள்ளையாரும் இதுவரை வேர்க்கவில்லை.

வெசாக் முடிந்து இரண்டு கிழமையாகியும் கூட்டைக் கழற்றப் பிள்ளைகள் விடவில்லை. மழை நாளில் அதன் வெள்ளைத் தாள் தொய்கிறது, வெயில் எறித்தால் விறைக்கிறது. அதை முதலில் கவனித்தவள் மூத்தவள். இப்போது சனிக்கிழமை காலையில் கதிரையில் ஏறி நின்று விரலால் ஒரு சுண்டு சுண்டுகிறாள். விறைத்த சத்தம் வந்தால் விசுக்கோத்து. சத்தமே இல்லாவிட்டால் பணிசுக்கு மா குழைக்கலாம் என்று குசினிக்குள் வந்து சொல்கிறாள். இன்று சத்தம் வரவில்லை. பாலை அளந்து 215இல் நிறுத்தியிருக்கிறேன்.