சிவனொளிபாதமலை: அவசரப்பட்டு ஏறாதீர்கள்

கொழும்பு வெள்ளவத்தையில் இரண்டாம் மாடிக்கே லிஃப்ட் தேடும் ஆள் நான். என்னைப் போய் சிவனொளிபாதமலைக்கு 5,500 படி ஏறக் கூப்பிட்டான் மச்சான். பெப்ரவரி மாதம், சீசன் நேரம். டிசம்பர் போயாவில் (பௌர்ணமியில்) தொடங்கி மே மாத வெசாக் வரைக்கும் படி நெடுக விளக்கு எரியும், தேநீர்க் கடை திறந்திருக்கும். மற்ற மாதங்களில் மழையும் அட்டையும்தான்.

காலையில் கொழும்புக் கோட்டை நிலையத்தில் ரயில் ஏறி, அட்டனில் இறங்கி, மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்கு பஸ். இரத்தினபுரிப் பக்கமிருந்தும் ஏறலாம். ஆனால் அந்த வழி நீளம், என் முழங்காலுக்குச் சரிவராது.

சரியாக நடுச்சாமத்தில் கிளம்பினோம். அதுதான் பிழை. உற்சாகத்தில் விறுவிறுவென்று ஏறி, மூன்றரைக்கெல்லாம் உச்சிக்குப் போய்விட்டோம். உயரம் 2,243 மீற்றர். வேர்வையில் நனைந்த சட்டைக்குள் காற்று புகுந்ததும் பல் கிட்டியது. சூரியன் வர இன்னும் மூன்று மணித்தியாலம்! இரண்டு மணிக்குக் கிளம்பினால் போதும். காய்ந்த சட்டை ஒன்றைப் பையில் வையுங்கள், மேலே போய் மாற்றிக்கொள்ளலாம்.

வழியில் ஓரிடத்தில் சிங்கள யாத்திரிகர்கள் ஊசியில் நூல் கோத்து வைத்துவிட்டுப் போகிறார்கள். புத்தர் அங்கே இருந்து தன் சீவரத்தை, அதாவது துறவாடையை, தைத்தாராம். வெள்ளை நூல் பனியில் நனைந்து, கம்பியோடு ஒட்டிக் கிடந்தது. இறங்கி வந்த ஆச்சி ஒருவர் எங்களைப் பார்த்து "கருணாவய்" என்று யாத்திரிகர் வாழ்த்துச் சொன்னார். நாங்களும் மூச்சிரைக்க அதையே திருப்பிச் சொன்னோம். உச்சியில் இருக்கும் பாதச் சுவடு நமக்குச் சிவனுடையது, அவர்களுக்குப் புத்தருடையது, முஸ்லிம்களுக்கு ஆதமுடையது. தேநீர்க்கடை வாங்கில் எல்லாருக்கும் ஒரே நடுக்கம்தான்.

விடிந்ததும் எல்லாரும் கிழக்கே பார்த்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர் என் தோளைத் தட்டி, "தம்பி, அந்தப் பக்கம் போய்ப் பாருங்க" என்றார். மேற்கே, மூடுபனியின் மேல் மலையின் நிழல் கச்சிதமான முக்கோணமாக விழுந்து கிடந்தது. மலையே அப்படி ஒழுங்கான கூம்பு இல்லை. நிழலுக்கு மட்டும் எப்படி அந்த வடிவம்? பார்க்கப் பார்க்கச் சுருங்கிக்கொண்டே வந்து, மலையடிக்குள் போய்விட்டது.

எத்தனையாவது தடவை ஏறுகிறோமோ அத்தனை தரம் மணி அடிக்க வேண்டும். நான் ஒன்று அடித்தேன். எனக்குப் பின்னால் நின்ற பெரியவர் அடிக்க ஆரம்பித்தார். பதினேழு வரைக்கும் எண்ணினேன், அப்புறம் விட்டுவிட்டேன்.

ஏறுவதில் மூச்சுத்தான் வாங்கும். இறங்குவதுதான் முழங்காலைப் பிடிக்கும். திங்கட்கிழமை அலுவலகப் படியில் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் இறங்கினேன்.