முட்டைப் பவுடர்: ஒரு நாள் வேலை, நான்கு நாள் சாம்பல்

நாமக்கல் பக்கம் முட்டைப் பவுடர் தயாரிக்கும் ஆலை ஒன்றின் லேபில் நான் சேர்ந்த புதிது. முழு முட்டைப் பவுடரில் மொத்தத் தாது உப்பு எவ்வளவு என்று பார்க்கச் சொன்னார்கள். எரித்து, மிஞ்சும் சாம்பலை நிறுத்தால் முடிந்தது என்று நினைத்தேன்.

காலிக் குரூசிபிள்களை (சூடு தாங்கும் சின்னக் கிண்ணங்கள்) எடை போட்டது வரை சரி. ஒவ்வொன்றிலும் 3 கிராம் பவுடர் போட்டு நேராக 550 டிகிரி ஃபர்னஸில், அதாவது உலையில், வைத்துவிட்டேன். பவுடரில் ஐந்தில் இரண்டு பங்கு கொழுப்பு என்பது மண்டையில் உறைக்கவில்லை. குப்பென்று பற்றிக்கொண்டது. அறை முழுக்க முடி பொசுங்கும் நாற்றம். “ஹாட் பிளேட்டில் புகை அடங்குகிற வரைக்கும் கருக்கணும் தம்பி, அப்புறம்தான் ஃபர்னஸ்” என்றார் சீனியர் அண்ணன். இதை முன்னாலேயே சொல்லியிருக்கலாம். போதாததற்கு, மார்க்கரில் எழுதிய நம்பரும் எரிந்துபோய் எது எந்த சாம்பிள் என்றே தெரியவில்லை.

மறுபடி நிதானமாகக் கருக்கி, ராத்திரி முழுக்க ஃபர்னஸில் விட்டேன். காலையில் பார்த்தால் சாம்பலில் கறுப்புப் புள்ளிகள். முட்டையில் பாஸ்பரஸ் அதிகம். பாஸ்பேட் உருகிக் கரியை மூடிக்கொள்ளும், உள்ளே காற்று போகாது. உடனே சூட்டை ஏற்றிவிடாதீர்கள், குளோரைடு உப்புகள் ஆவியாகிப் போகும். ஆறவைத்து, காய்ச்சி வடித்த நீர் சில சொட்டு விட்டு, உலர்த்தி, திரும்ப வையுங்கள். எனக்குச் சாம்பல் வெளுத்துவிட்டது.

ஈரம் படாமல் ஆறுவதற்காகச் சாம்பலை டெசிகேட்டர் என்ற மூடிய பாத்திரத்தில் வைத்திருந்தேன். அந்தச் சந்தோஷத்தில் அதன் மூடியை வெடுக்கென்று திறந்தேன். ஆறும்போது உள்ளே காற்றழுத்தம் குறைந்திருக்குமல்லவா, வெளிக்காற்று புகுந்து சாம்பலை ஊதிவிட்டது. 3 கிராமுக்குக் கிடைப்பதே சுமார் 110 மில்லிகிராம். ஒரே பவுடர்தான், ஆனால் ஒன்று 3.7 சதவீதம், இன்னொன்று 3.2. மறுபடி முதலிலிருந்து.

மூன்றாம் நாள் மூடியை மெதுவாக நகர்த்தித் திறந்தேன். 3.71, 3.68. குரூசிபிள் நம்பரையும் இந்தத் தடவை ஃபெரிக் குளோரைடு கரைசலால் எழுதியிருந்தேன். சூட்டில் செம்பழுப்பாகப் பதிந்துவிடும், அழியாது. நோட்டை நீட்டினேன்.

“நல்லது. அதே சாம்பலைக் கரைச்சு இரும்பும் பார்த்துடுங்க” என்றார் மேனேஜர்.

ஃபெரிக் குளோரைடே இரும்புதான். வெளிச்சுவரில்தான் எழுதியிருந்தேன், இருந்தாலும் மனசு ஒப்பவில்லை. புதுக் குரூசிபிள்களை நைட்ரிக் அமிலத்தில் ஊறப்போட்டேன். நம்பர் எழுதவில்லை, ஃபர்னஸுக்குள் எது எங்கே என்று நோட்டில் படம் போட்டு வைத்துக்கொண்டேன்.