மண்டபத்துக் கொல்லையில் வியாழன்

ராமேசுவரத்துக்கு அருகே உள்ள கடலோர ஊரான மண்டபத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில், தென்னைகளுக்கு நடுவே தெரியும் வானத்தை நோக்கித்தான் என் 8 அங்குலத் தொலைநோக்கியை நிறுத்துகிறேன். ஏறத்தாழ 9 பாகை வட அட்சரேகையில் வாழ்வது நமக்கு வாய்த்த பேறு. 2026 ஜனவரியில் மிதுனத்தில் நின்ற வியாழன் நள்ளிரவில் உச்சிக்கு மிக அருகே வந்ததால், அதன் ஒளி கடக்க வேண்டிய காற்றின் தடிமன் குறைவாகவே இருந்தது.

கோளை ஒற்றைப் படமாக எடுப்பதில்லை. வீடியோவாகப் பதிந்து, காற்றின் அலைவு தணிந்த கணங்களில் விழுந்த படங்களை மட்டும் மென்பொருளால் பிரித்தெடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். வியாழன் 10 மணி நேரத்துக்குள் தன்னைத்தானே ஒருமுறை சுற்றிவிடுவதால், பதிவு மூன்று நிமிடங்களைத் தாண்டினால் மேகப்பட்டைகளின் நுணுக்கங்கள் கலங்கத் தொடங்கும்.

எனக்குப் பெருங்கவலை உப்புக்காற்றுதான். ஓரிரவு தொலைநோக்கியின் குழாயை மூடாமல் விட்டுவிட்டேன். காலையில் அதனுள் இருந்த ஆடியின்மீது பனித்துளிகள் காய்ந்த இடமெல்லாம் வெண்புள்ளிகள் படிந்திருந்தன. துணியால் துடைத்தால் அலுமினியப் பூச்சு கீறிவிடும் என்பதால், காய்ச்சி வடித்த நீரை மெல்ல ஊற்றிக் கழுவி, சாய்த்து வைத்து உலரவிட்டேன். அன்றிரவு எடுத்த படத்தில், தெற்குப் பட்டையின் ஓரமாக, வெளிறிய செங்கல் நிறத்தில், வியாழனின் மாபெரும் புயலான பெருஞ்சிவப்புப் புள்ளி தெளிவாகத் தெரிந்தது.