பாய்லர் எரிகிறது, வீடு சூடாகவில்லை: முதலில் இரண்டு குழாய்களைப் பாருங்கள்

பாய்லர் எரிகிறது, பம்ப் ஓடும் சத்தமும் கேட்கிறது. ஆனாலும் அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்கள் வெதுவெதுப்பைத் தாண்டவில்லை. உடனே பலரும் சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட்டைக் கூட்டிவைக்கிறார்கள். சாதாரண தெர்மோஸ்டாட்டுக்குத் தெரிந்தது பாய்லரை எரியவிடுவதும் நிறுத்துவதும்தான். ரேடியேட்டருக்குப் போகும் நீர் எத்தனை டிகிரியில் போக வேண்டும் என்பதைப் பாய்லரின் முகப்பில் தனியாக வைக்க வேண்டும். யாராவது அதை 40, 45 டிகிரிக்குக் குறைத்துவிட்டிருந்தால் குளிர்காலத்தில் பழைய ரேடியேட்டர்களுக்கு அது பற்றாது. பிரஷர் மீட்டரையும் பாருங்கள். நீர் ஆறியிருக்கும்போது அழுத்தம் 1 முதல் 1.5 பார் (bar) வரை இருக்க வேண்டும்.

இவை சரியாக இருந்தால் அடுத்தது பாய்லருக்குக் கீழே உள்ள குழாய்கள். ரேடியேட்டர்களுக்குச் சூடாகப் போகும் குழாய் ஒன்று, ஆறித் திரும்பும் குழாய் ஒன்று. பாய்லர் 20 நிமிடம் ஓடியபின் இரண்டின் சூட்டையும் குழாயில் மாட்டும் தெர்மாமீட்டரால் அளந்துகொள்ளுங்கள். 70 டிகிரி குழாயைக் கையால் பிடித்தால் சுட்டுவிடும். கோளாறு பாய்லரிலா, வெளியிலா என்பதை இந்த இரண்டு எண்களே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். இதைப் பார்க்காமல் உதிரிப் பாகம் மாற்றுவது காசைக் கரைக்கும் வேலை.

போகும் குழாயே சூடேறவில்லையா? ஹீட்டிங்கோடு குளிக்கச் சுடுநீரையும் தரும் காம்பி பாய்லர் என்றால், எல்லாச் சுடுநீர்க் குழாய்களையும் மூடிவிட்டு ஹீட்டிங்கை மட்டும் ஓடவிடுங்கள். பாய்லரிலிருந்து குளியலறைக்குப் போகும் குழாய் சூடேறிக்கொண்டே வந்தால், நீரைத் திசைதிருப்பும் டைவர்ட்டர் வால்வு முழுதாக நகரவில்லை. சூடு அந்தப் பக்கம் கசிகிறது. அப்படியும் இல்லையென்றால் கேஸ் பிரஷர், பர்னர், விசிறி என்று போகும். அதற்குப் பாய்லரின் மூடியைக் கழற்ற வேண்டும், அது உரிமம் பெற்ற கேஸ் மெக்கானிக்கின் வேலை. நீலமாக எரிய வேண்டிய சுடர் மஞ்சளாக எரிந்தாலோ, கரி படிந்திருந்தாலோ உடனே நிறுத்திவிடுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

போகும் குழாய் கொதிக்கிறது, திரும்பும் குழாய் குளிர்ந்தே கிடக்கிறது, பர்னர் ஓரிரு நிமிடத்துக்கு ஒருமுறை அணைந்து அணைந்து எரிகிறது என்றால் நீர் சரியாகச் சுற்றவில்லை. பழைய வீடுகளில் இதற்குப் பெரும்பாலும் கசடுதான் காரணம். எஃகு ரேடியேட்டர்கள் உள்ளே துருப்பிடித்து, மை போன்ற கறுப்புக் குழம்பாக அடியில் தங்கிவிடுகிறது. அந்தத் துரு காந்தத்தில் ஒட்டும் என்பதால்தான் திரும்பும் குழாயில் காந்த ஃபில்டர் வைக்கிறார்கள். பாய்லரை நிறுத்தி, ஆறவிட்டு, ஃபில்டரின் இருபக்க வால்வுகளையும் மூடி, காற்றுத் திருகைத் தளர்த்தி அழுத்தத்தை இறக்கியபிறகே மூடியைத் திறக்க வேண்டும். காந்தத்தைச் சுற்றி விரல் கனத்துக்குக் கறுப்புச் சேறு அப்பியிருந்தால், ரேடியேட்டர்களுக்குள்ளும் நிறைய இருக்கிறது என்று அர்த்தம்.

ரேடியேட்டரின் மேல்பகுதி சூடு, அடிநடுப்பகுதி குளிர்ச்சி என்றால் கசடு. அந்த ரேடியேட்டரைக் கழற்றி வெளியே அலசிவிட்டு, மாட்டியபின் துருத்தடுப்பு மருந்து சேர்க்க வேண்டும். நேர்மாறாக மேல்பகுதி மட்டும் குளிர்ந்திருந்தால் காற்று. ஹீட்டிங்கை நிறுத்தி, ரேடியேட்டரின் மேல் ஓரத்திலுள்ள காற்றுத் திருகை அதற்கான சாவியால் கால் திருப்பு திருப்பினால் காற்று சீறும். நீர் வந்ததும் மூடிவிடுங்கள். பிறகு பிரஷர் குறைந்திருக்கும், நீர் ஏற்றிச் சரிசெய்யுங்கள். ஆனால் வாராவாரம் ஏற்ற வேண்டியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது சூடேறி விரியும் நீருக்கு இடம் கொடுக்கும் விரிவுக்கலத்தில் காற்று இறங்கிவிட்டது. புதுநீர் ஏற ஏற அதிலுள்ள ஆக்ஸிஜனால் துருவும் கூடும்.

ஒரே ஒரு ரேடியேட்டர் முழுதும் குளிர்ந்திருந்தால் அதன் வால்வின் மேல் சூட்டைக் கூட்டிக் குறைக்கத் திருகும் தெர்மோஸ்டாட் தலையைக் கழற்றுங்கள். அடியிலுள்ள சிறு ஊசி, அழுத்தினால் சில மில்லிமீட்டர் இறங்கித் தானே மேலே வர வேண்டும். இறுகியிருந்தால் மெதுவாக அழுத்தி விடுவியுங்கள். குறடால் இழுத்தால் ஊசி கையோடு வந்து நீர் பீய்ச்சும்.

இரண்டு குழாய்களும் கிட்டத்தட்ட ஒரே சூட்டில் இருந்தால், அருகிலுள்ள ரேடியேட்டர்கள் வழியாகவோ, ரேடியேட்டர்களுக்குப் போகாமல் திரும்பும் குறுக்குக் குழாயான பைபாஸ் வழியாகவோ நீர் சுருக்காகத் திரும்பிவிடுகிறது; தள்ளியுள்ள ரேடியேட்டர்களுக்குப் போதிய நீர் போவதில்லை. பாய்லருக்கு மிக அருகில் உள்ள ரேடியேட்டரில் தெர்மோஸ்டாட் தலை இல்லாத மறுமுனை வால்வை முழுதாக மூடி, பிறகு அரைச் சுற்று மட்டும் திறங்கள். தள்ளிப்போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். கடைசி ரேடியேட்டரில் முழுதாகத் திறந்துவிடுங்கள். பல பாய்லர்களில் போகும் நீருக்கும் திரும்பும் நீருக்கும் 15 முதல் 20 டிகிரி வித்தியாசம் வர வேண்டும். ஒவ்வொரு திருப்புக்குப் பிறகும் 20 நிமிடமாவது விட்டு அளந்து, எந்த வால்வு எத்தனைச் சுற்று என்று குறித்துவைத்துக்கொள்ளுங்கள். ரேடியேட்டரைக் கழற்றி அலசும்போது அந்தக் கணக்குத் தேவைப்படும்.