கார்98கே மவுசருக்கு வேட்டை ஸ்டாக்

கார்98கே, இரண்டாம் உலகப்போர்க்கால ஜெர்மன் ராணுவ ரைஃபிள். அதன் ராணுவ ஸ்டாக்கை (உலோகத்தைத் தாங்கும் மரப்பகுதியை) எடுத்துவிட்டு, வேட்டை ஸ்டாக் பொருத்துவதுதான் வேலை. ரைஃபிளின் எல்லாப் பாகங்களிலும் ஒரே வரிசை எண் இருந்தால் மரத்தில் கை வைக்காதீர்கள், அது சேகரிப்பாளர்களின் பொருள். ஏற்கெனவே யாரோ முன்பக்க மரத்தை அறுத்துப்போட்ட துப்பாக்கிதான் இந்த வேலைக்குச் சரி. குண்டு இல்லை என்று உறுதிசெய்து, போல்ட்டை (பின்னால் இழுத்துத் தள்ளும் அடைப்பை) கழற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

கடையில் வாங்கும் ஸ்டாக்கில் முதலில் பார்க்க வேண்டியது, பாரலின் (துப்பாக்கிக் குழாயின்) படிகளுக்கு அது பொருந்துகிறதா என்பது. ராணுவ பாரல் படிப்படியாகச் சிறுக்கும். வேட்டை ஸ்டாக்கின் பள்ளமோ பெரும்பாலும் ஒரே சரிவு. உலோகத்தில் மை தடவி அழுத்துங்கள், கறை படிந்த இடத்தை மட்டும் சுரண்டுங்கள். அவசரப்பட்டு உளியை எடுத்தால் இடைவெளி பல்லிளிக்கும்.

உயிர்நாடி, ரிசீவரின் (போல்ட் ஓடும் உலோக உடலின்) அடியில் உள்ள ரீகாயில் லக், அதாவது உதைப்பை மரத்துக்குக் கடத்தும் முட்டு. அது அமரும் பள்ளத்தில் எபாக்ஸி (இறுகிக் கெட்டியாகும் பசை) இட்டு, அதன் பின்முகம் மட்டும் அதில் முழுதாக அமரச் செய்ய வேண்டும். முன்புறம், பக்கங்கள், அடி மூன்றிலும் டேப் ஒட்டிவிடுங்கள். துளைகளைக் களிமண்ணால் அடைத்து, திருகுகள் உட்பட எல்லா உலோகத்துக்கும் ரிலீஸ் ஏஜென்ட் (பசை ஒட்டாமல் தடுக்கும் பூச்சு) பூசுங்கள். ஒரு துளை விட்டுப்போனாலும் ரைஃபிள் மரத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

டாங்கின் (ரிசீவரின் வால் போன்ற பின்முனையின்) பின்னால் சுமார் 1 மி.மீ. இடைவெளி அவசியம். இல்லையென்றால் ஒவ்வொரு உதைப்பிலும் டாங் ஆப்பு மாதிரி இறங்கி, பிடியைப் பிளக்கும். ரிசீவரை ஸ்டாக்கோடு இணைக்கும் பின் திருகைச் சுற்றியிருக்கும் எஃகுக் குழலையும் பலர் தொலைத்துவிடுகிறார்கள். அது இல்லாமல் முறுக்கினால் மரம் நசுங்கும்.

கடைசியாக, முன்மரமும் பாரலும் சேரும் இடத்தில் விரலை வைத்து முன் திருகைத் தளர்த்துங்கள். பாரல் எழும்பினால் உலோகம் மரத்தில் அமர்ந்த படுக்கை சரியில்லை, மறுபடி சுரண்டல்தான்.