தோமையார் சாப்பிட்ட மீன்

கிறிஸ்துமஸ் பூசைக்கு இந்த வருஷம் பெரம்பூரிலிருந்து சாந்தோம் போனோம். நள்ளிரவுப் பூசையில் அத்தைக்குப் பனி ஒத்துக்கொள்ளாது, அதனால் காலைப் பூசை. ஆட்டோவில் அவர் மடியில் ஒரு எவர்சில்வர் டப்பா, உள்ளே கிறிஸ்துமஸ் பலகாரமான கல்கல்.

கேக்கைக் கடையில் வாங்கிவிடலாம். கல்கலுக்கு வீட்டில் நாலு பேர் உட்கார வேண்டும். மைதாவும் சர்க்கரையும் தேங்காய்ப்பால் விட்டுப் பிசைந்து, சுண்டைக்காய் அளவு கிள்ளி, சீப்பின் பல்லில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி இழுத்தால் வரிவரியாகச் சுருளும். தலைவாரும் சீப்புதான், ஆனால் தலையே பார்க்காதது. இதற்கென்று பரண்மேல் இருக்கிறது.

வழியிலேயே என் பையன் மூடியில் கைவைத்தான். "நன்மை வாங்கினப்புறம்தான்" என்றார் அத்தை. நன்மைக்கு, அதாவது பூசையில் வாங்கும் அப்பத்துக்கு, ஒரு மணி நேரம் முன்பிருந்து சாப்பிடக் கூடாது என்பது 1964-இல் வந்த விதி. அத்தையின் அம்மா காலத்தில் நள்ளிரவிலிருந்தே பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. பையனுக்கு இன்னும் முதல்முறை நன்மை வாங்கும் புதுநன்மையே ஆகவில்லை, அவனுக்கு இந்த விதியும் இல்லை. அத்தையிடம் யார் சொல்வது?

வெள்ளைக் கோபுரத்தோடு நிற்கும் இப்போதைய கோயில் 1896-இல் கட்டியது. குடிலில் பாலன் இயேசு தீவனத் தொட்டியில் படுத்திருந்தார். அவர் பிறந்த பெத்லகேம் என்றால் எபிரேய மொழியில் அப்பத்தின் வீடு. பிறந்ததும் மாடு தின்னும் தொட்டியில் படுத்தவர், கடைசி இரவிலும் பந்தியில்தான் உட்கார்ந்தார். அப்பத்தைப் பிட்டு, இது என் உடல் என்று கொடுத்தார். நன்மை வாங்கிவிட்டு முழந்தாளிட்டபோது அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் கீழே, இயேசுவின் சீடர் தோமையாரின் கல்லறைக்கு இறங்கினோம். எல்லாருக்கும் இயேசு உயிர்த்ததை நம்பாத சந்தேகத் தோமையார்தான் ஞாபகம் வரும். எனக்கு யோவான் நற்செய்தியின் 21-ஆம் அதிகாரம் பிடிக்கும். உயிர்த்த ஆண்டவர் திபேரியக் கடலோரம் கரி மூட்டி, மீனும் அப்பமும் வைத்துக்கொண்டு, சாப்பிட வாங்க என்று கூப்பிடுகிறார். ராத்திரி முழுக்க வலை வீசிக் களைத்து வந்த ஏழு பேரில் தோமையாரும் ஒருவர். விலாவைத் தொட்டுப் பார்க்கக் கேட்டவருக்கு அன்றைக்குக் கிடைத்தது சுட்ட மீன். அந்த மனிதர் கடைசியில் ஒரு மீனவக் குப்பத்துப் பக்கத்திலேயே அடக்கமானார் என்று சொல்லப்படுவதில் எனக்குத் தனி சந்தோஷம்.

கோயிலுக்குப் பின்னால் கடற்கரை. மணலில் உட்கார்ந்ததும் டப்பா திறந்தது. பக்கத்தில் கூடையோடு இருந்த மீன்கார அம்மா எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, சோழியா?" என்றார். அத்தை சிரித்து, இரண்டு கை அள்ளிக் கொடுத்தார். அந்த அம்மா ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு மீதியை முந்தானையில் முடிந்துகொண்டார்.

கிளம்பும்போது அவரே கை நீட்டி டப்பாவை வாங்கினார். "காலியாவா குடுத்தனுப்புவாங்க?" ஒரு பிடி நெத்திலிக் கருவாடு உள்ளே விழுந்தது. மிச்சமிருந்த நாலு கல்கலை நான் எடுப்பதற்குள்.